நாற்பத்தேழாம் எண் புத்தகம்

ஜூலை 1, திங்கள்

இரண்டு அட்டைப்பெட்டிகளில் எண்பத்தாறு புத்தகங்கள் வந்து இறங்கின. எல்லாம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. எச்.எம். ஞானசேகரன் சார் என்னைக் கூப்பிட்டு, தமிழ் எடுப்பவர்தான் நூலகத்தைப் பார்க்கவேண்டும் என்றார். சரி என்றேன். நூலகம் என்றால் எட்டாம் வகுப்புக்குப் பின்னால் உள்ள அறையில் ஒரு இரும்பு பீரோ. அதில் விளையாட்டுச் சாமான்களும் பழைய வினாத்தாள் கட்டுகளும் இருந்தன. காலி செய்யவே மதியம் ஆகிவிட்டது. கையெல்லாம் துரு.

ஜூலை 2, செவ்வாய்

பள்ளி முத்திரை குத்தி எண் போட்டேன். எண்பத்தாறுக்கும் பதினேழாம் பக்கத்தில் இன்னொரு முத்திரை. எங்கள் பள்ளி வழக்கம் அது. மை காய்வதற்காகப் புத்தகங்களைத் தரையில் விரித்து வைத்தபோது அறை நிறைந்துவிட்டது. நடக்க இடமில்லை. ஜன்னலில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்தார்கள். விரட்டினேன். மறுபடி வந்தார்கள்.

ஜூலை 4, வியாழன்

ஏழாம் வகுப்புக்கு முதல் நூலகப் பாடவேளை. அது என் வகுப்பு, முப்பத்தொரு பேர். வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம், மாவட்டத்திலிருந்து பார்வையிட வரும்வரை புதிதாகவே இருக்கட்டும், இங்கேயே வைத்துப் படிக்கட்டும் என்று எச்.எம். சொல்லியிருந்தார். பாயில் வட்டமாக உட்கார வைத்தேன்.

ஏரிக்கரையிலிருந்து வரும் நதியா எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பதுபோல் இருந்தது. பாம்புகள் பற்றிய படப்புத்தகம் ஒன்று இருந்ததால் அதை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது தெரியும் டீச்சர். தெரியாதது குடுங்க" என்றாள். பிறகு அவளாகவே ஆழ்கடல் பற்றிய பெரிய புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். பெயர் 'வெளிச்சம் போடும் மீன்கள்'. எண் 47. எல்லாவற்றிலும் அதுதான் கனமானது, வழவழப்பான தாள். தர்ஷினியும் அதையே கேட்டதால் இருவரையும் சேர்ந்து பார்க்கச் சொன்னேன். மணி அடித்த பிறகும் நதியா விடவில்லை. பார்க்க யாருமே இல்லாத ஆழத்தில் மீன் யாருக்காக வெளிச்சம் போடுகிறது என்று கேட்டாள். அறிவியல் டீச்சரிடம் கேள் என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

சில புத்தகங்களுக்கு மேலட்டை இப்போதே பிரிகிறது. நான்கை மட்டும் பிளாஸ்டிக் உறை போடுவதற்காக வீட்டுக்கு எடுத்து வந்தேன். மதுராந்தகத்தில் இறங்கியபோது தூறல். பையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

என் நாத்தனார், முரளியின் அக்கா, குடும்பத்தோடு சொல்லாமல் வந்துவிட்டார். ஆறு பேர். பரப்பி வைத்திருந்ததையெல்லாம் வாரி எடுத்து வைத்தோம். மீன் குழம்பு. மாலையில் போனார்கள்.

ஜூலை 8, திங்கள்

உறை போட்ட மூன்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எட்டாம் வகுப்புத் தேர்வுத் தாள் திருத்தினேன்.

ஜூலை 11, வியாழன்

47 இல்லை.

பாடவேளை தொடங்கியதும் நதியா அதைத்தான் கேட்டாள். பீரோ முழுக்கத் தேடினேன். பிள்ளைகளும் தேடினார்கள். எண்ணிப் பார்த்தால் எண்பத்தைந்து. சாவி என்னிடம் மட்டும்தான். ஆனால் போன வியாழன் மணி அடித்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள், யார் எதை வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. எச்.எம்.மிடம் சொன்னேன். இந்த மாதக் கடைசிக்குள் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் கண்டுபிடியுங்கள் என்றார். கடைசியாக யார் கையில் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

ஏழாம் வகுப்பில் விசாரித்தேன். பையைப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். கத்தரிக்காய் வாங்கினேன், எல்லாம் சொத்தை.

ஜூலை 15, திங்கள்

கல்வி வளர்ச்சி நாள் விழா. கோலம், பேச்சுப் போட்டி, கேசரி. பேச்சுப் போட்டியில் நதியா பெயரும் இருந்தது. வரவில்லை. அவளுடைய இடத்தில் தர்ஷினி பேசினாள், பரிசும் வாங்கினாள்.

ஜூலை 16, செவ்வாய்

நதியா வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஜூலை 18, வியாழன்

நூலகப் பாடவேளையில் இன்று முப்பது பேர். யாரும் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. இவ்வளவு ஒழுங்கை நான் விரும்பித்தான் கேட்டேன். ஆனாலும் பாடவேளை நீளமாக இருந்தது.

மதியம் சாப்பிடும்போது அறிவியல் டீச்சர் பிரேமாவதி கேட்டார். "ஹேமா, அன்னிக்கு எல்லார் பையையும் பாத்தியா, அந்தப் பொண்ணு பையை மட்டும் பாத்தியா?"

கடைசியாக வைத்திருந்தவளைத்தானே கேட்க முடியும் என்றேன். தர்ஷினியும்தானே வைத்திருந்தாள் என்றார். தர்ஷினியின் அப்பா வார்டு உறுப்பினர், அவள் எதற்கு எடுக்கப் போகிறாள் என்றேன். பிரேமாவதி ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஜூலை 19, வெள்ளி

ஐந்து நாள் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பட்டியல் அனுப்ப வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒன்று. காரணம் என்ற கட்டத்தில் 'உடல்நிலை' என்று எழுதினேன்.

ஜூலை 20, சனி

பரண் சுத்தம் செய்தேன். பழைய துணி, குக்கர் மூடி, முரளி அக்கா வந்தபோது அவசரத்தில் ஏற்றியவை எல்லாம் இறங்கின. தலைவலி. மாலை சமைக்கவில்லை, தோசை மாவு இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 22, திங்கள்

47 கிடைத்துவிட்டது. பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய் பீரோவில் வைத்தேன். எச்.எம்.மிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றார். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை.

நதியா வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பரணில்தான் இருந்தது. என் துணிப்பையில், உறைக்கு வாங்கிய பிளாஸ்டிக் சுருளோடு. ஜூலை 5ஆம் தேதிப் பக்கத்தில் நான்கு புத்தகம் எடுத்து வந்தேன் என்று நானே எழுதியிருக்கிறேன். எட்டாம் தேதியில் மூன்றை வைத்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். அவளைக் கேட்பதற்கு முன்னால் இந்த நோட்டைப் புரட்டியிருந்தால் போதும். சனிக்கிழமை எடுத்தபோது உட்கார்ந்துவிட்டேன். முரளி வந்து என்ன என்றார், ஒன்றுமில்லை என்றேன்.

இன்று பீரோவைத் திறந்தபோது உள்ளே 47 இருப்பதைத் தர்ஷினி பார்த்துவிட்டாள். வகுப்புக்கு வந்ததும், "நதியா திருப்பிக் குடுத்துட்டாளா டீச்சர்?" என்று கேட்டாள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சத்துணவு மணி அடித்துவிட்டது.

மணி அடித்ததால் சொல்லவில்லை என்று எழுதுவது சரியில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூலை 24, புதன்

12ஆம் தேதி நடந்ததை எழுதுகிறேன். அன்று எழுதியதில் பாதி இல்லை.

முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். நதியாவை மட்டும் எழுப்பி முன்னால் வரச் சொன்னேன். பையைக் கவிழ்க்கச் சொன்னேன். இரண்டு நோட்டு, மூன்று பாடப்புத்தகம், சாப்பாட்டுத் தட்டு, பல் உடைந்த சீப்பு ஒன்று விழுந்தன. புத்தகம் இல்லை. அத்தோடு நான் நிறுத்தவில்லை. "நீதான் அதை விடாமப் பாத்துக்கிட்டு இருந்த. எடுத்திருந்தா குடுத்துரு. ஏரிக்கரைப் பழக்கத்தை இங்க கொண்டு வராத" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். யார் என்று கேட்கவில்லை. நதியா அழவில்லை. கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். சீப்பைக் கடைசியில் எடுத்தாள். "நான் எடுக்கல டீச்சர்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். போய் உட்காரு என்றேன். மதியம் சாப்பாட்டுக்கு அவள் இல்லை. நான் தேடவில்லை.

ஏரிக்கரை என்று இத்தனை நாள் எழுதி வந்திருக்கிறேன். இருளர் குடியிருப்பு என்று எழுத வேண்டும். இருபத்தாறு வீடு. எங்கள் பள்ளிக்கு அங்கிருந்து வருவது ஐந்து பிள்ளைகள். ஏழாம் வகுப்புவரை வந்த பெண் இவள் ஒருத்திதான். அங்கிருந்து வருகிறாள் என்பதால்தான் அவள் பை. தர்ஷினி பையைத் திறக்கச் சொல்லும் எண்ணமே எனக்கு வரவில்லை, அதை யோசித்து ஒதுக்கியதாகக்கூட ஞாபகம் இல்லை.

ஜூலை 25, வியாழன்

முரளியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "பொண்ணு திரும்பி வந்தா நல்லாப் பாத்துக்க. ஒரு டிரஸ் கிரஸ் எடுத்துக் குடு. இதைப்போய் வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத, மெமோ குடுத்துருவாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானும் இதையேதான் யோசித்து வைத்திருந்தேன், பாவாடை சட்டைத் துணியின் நிறம் உட்பட. அவர் வாயிலிருந்து கேட்டபோது நன்றாக இல்லை.

ஜூலை 27, சனி

ஏரிக்கரைக்குப் போனேன். இந்தப் பள்ளியில் ஒன்பது வருடம் வேலை பார்க்கிறேன், இதுதான் முதல் தடவை. பஸ் நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட நடை. கடைசி அரை கிலோமீட்டர் பாதை கிடையாது, கரை மேலேயே போகவேண்டும். மழை நாளில் இந்தப் பிள்ளை எப்படி வருகிறாள் என்று போகும்போது தோன்றியது. தாமதமாக வந்ததற்காக அவளை இரண்டு முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

நதியாவின் அம்மா கன்னியம்மா வீட்டு வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உட்காரச் சொன்னார். நதியா இல்லை. அப்பாவோடு சவுக்கு வெட்டும் இடத்துக்குப் போயிருக்கிறாள், கிளை பொறுக்கிக் கட்டுவதற்கு. நாளை வந்துவிடுவார்கள். வேலை பிடித்துப்போனால் அடுத்த வாரம் மறுபடி போவாள்.

புத்தகம் என் வீட்டில்தான் இருந்தது, தப்பு என்னுடையது என்றேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைவிடச் சின்னதாக இருந்தது. கன்னியம்மா சுள்ளியைக் கீழே வைத்தார்.

"திருடுனோம்னு எங்கள சொல்றது புதுசு இல்ல டீச்சர். எங்க எது காணாப்போனாலும் இங்க வந்துதான் போலீஸ் வண்டி நிக்கும். அதெல்லாம் அது சின்னதுலருந்து பாத்துக்கினுதான் இருக்குது. இஸ்கூல்ல அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லாப் புள்ளைங்க முன்னாலயும் சொன்னீங்க. இங்க வந்து என் காதுல சொன்னா அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். நம்பினார் என்று சொல்ல முடியாது.

ஜூலை 28, ஞாயிறு

துணி துவைத்தேன். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதினேன். 'கவனக்குறைவால்' என்று எழுதி அடித்தேன். 'தவறுதலாக' என்று எழுதி அதையும் அடித்தேன்.

ஜூலை 29, திங்கள்

முதலில் எச்.எம்.மிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. நாளைதான் பார்வையிட வருகிறார்கள், இன்று இதைக் கிளப்பினால் நாளை அதுவே பேச்சாகிவிடும், அந்தப் பெண் வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்றார். ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் என்றும் சொன்னார். ஒரு வாரத்தில் அவள் சவுக்குத் தோப்பில் இருப்பாள் சார் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அப்ப உங்க பேர்ல விளக்கக் கடிதம் வாங்க வேண்டியிருக்கும்" என்றார். கொடுக்கிறேன் என்றேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்த பிறகு முன்னால் போனேன். எழுதிய தாள் கைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை. ஏழாம் வகுப்பு நதியா நூலகப் புத்தகத்தை எடுத்ததாக நான் வகுப்பில் சொன்னேன், அவள் எடுக்கவில்லை, அது என் வீட்டில் இருந்தது, எடுத்துப்போனது நான்தான் என்றேன். அவள் பையை மட்டும் கவிழ்க்கச் சொன்னது தப்பு, ஏரிக்கரையைப் பற்றி நான் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு, அதற்கு அவளிடமும் அவள் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ஆறாம் வகுப்பு வரிசையில் சில பிள்ளைகள் என்ன நடக்கிறது என்று புரியாமல் கைதட்டப் பார்த்தார்கள். பிரேமாவதி தடுத்தார்.

நதியா வரிசையில் இல்லை. கேட்டுக்கு வெளியே கன்னியம்மா நின்றிருந்தார், பக்கத்தில் ஒரு சைக்கிளைப் பிடித்தபடி ஓர் ஆள், அவள் அப்பாவாக இருக்கவேண்டும். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார்கள். உள்ளே வரவில்லை.

வகுப்பில் தர்ஷினி எழுந்து, அன்று சிரித்தது தான்தான் என்றாள். சரி, உட்காரு என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

பார்வையிட வந்தார்கள். கழிவறை, சத்துணவுக் கூடம், வருகைப் பதிவேடு. நூலகத்தில் நான்கு நிமிடம் இருந்தார்கள். வந்த அம்மையார் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஒரு மாசம் ஆச்சு, யார் கையும் படலை போலிருக்கே" என்றார். பாராட்டு என்று நினைத்து எச்.எம். சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார்.

விளக்கக் கடிதம் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நதியா வந்தாள்.

வருகை எடுக்கும்போது பெயரை வாசித்தேன், "உள்ளேன் டீச்சர்" என்றாள். உள்ளங்கை இரண்டிலும் சிராய்ப்பு. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மா சொல்லுச்சு" என்றாள். போகலாமா என்று கேட்டாள்.

நூலகப் பாடவேளைக்கு எல்லோரும் உள்ளே வந்தார்கள். அவள் வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்றேன். இங்கேயே நிற்கிறேன் என்றாள். நாற்பது நிமிடமும் நின்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கன்னியம்மா சைக்கிளில் கொண்டுவந்து விட்டுப் போகிறார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். சவுக்கு வேலைக்கு அப்பா மட்டும் போயிருக்கிறாராம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பீரோவின் பூட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். புத்தகங்களைப் பாயில் பரப்பி, எதை எடுக்கிறார்களோ அதை அவர்களே பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது முப்பத்தொரு கையெழுத்து இருந்தது. எண்ணிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. எண்ணினேன். பதிவேட்டில் உள்ளபடியே இருந்தது.

நதியா எடுத்தது ரயில் பாதை போட்டவர்களைப் பற்றிய கதை. எண் 62. ஆழ்கடல் புத்தகத்தை அவள் தொடவில்லை. நானும் எடுத்து நீட்டவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மெமோ வந்தது. இனி இவ்வாறு நிகழாதவாறு பார்த்துக்கொள்ளவும் என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். முரளி "நான் சொன்னேன்ல" என்றார். ஆமாம், சொன்னீர்கள் என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மூன்று நாளாக மழை. பிள்ளைகள் வருகை குறைவு. நதியா வரவில்லை, கரை வழி தண்ணீர் ஓடுகிறது என்று எட்டாம் வகுப்புப் பையன் சொன்னான். காரணம் என்ற கட்டத்தில் அதையே எழுதினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மழை விட்டது. முதல் பாடவேளை தொடங்கும் முன் நூலகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நதியா நேராக உள்ளே வந்தாள். கால் முட்டிவரை சேறு.

"டீச்சர், ரெண்டு பக்கம் கிழிஞ்சிருச்சு. நான்தான் கிழிச்சேன். தம்பி இழுத்தான், நான் வுடல, நானும் இழுத்துட்டேன்."

அறுபத்திரண்டைப் பிரித்துக் காட்டினாள். முப்பத்தெட்டாம் பக்கமும் நாற்பதும் நடுவில் கிழிந்திருந்தன. ஓரங்கள் நனைந்து அலையலையாக வீங்கியிருந்தன. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. கிழிந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பரணில் பையை எடுத்ததிலிருந்து, நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆனது.

கோந்தும் மெல்லிய தாளும் எடுத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள், நான் ஒட்டினேன். நாற்பதாம் பக்கம் கொஞ்சம் கோணிவிட்டது. "ரயிலு வளைஞ்சு போவுது" என்றாள். மறுபடி பிரித்து ஒட்டினோம், அப்போதும் கோணல்தான். ஜன்னலோரம் விரித்து வைத்தோம். மணி அடித்தது. அவள் போகவில்லை. விரலால் தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் என்றாள்.

முடிவு என்ன ஆச்சு, படித்தாயா என்று கேட்டேன். இன்னும் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது, காய்ந்ததும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றாள்.